கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் போதுமா?

கேள்வி: சென்னையில் சிறிய கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறேன். மேற்படிப்புக்கு இது போதுமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பட்டம் போதும்; பாடத்திட்டம் மட்டும் போதாது. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் இருக்கும். ஓட்டை விழுவது பெரும்பாலும் டிஸ்க்ரீட் மேத்ஸிலும் (லாஜிக், கணங்கள் போன்ற கணிதம்) அல்காரிதம் அனாலிசிஸிலும்தான் (ஒரு வழிமுறைக்கு எவ்வளவு நேரமும் மெமரியும் ஆகும் என்ற கணக்கு). இரண்டையும் இரண்டாம் ஆண்டுக்குள் ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் இணையத் தளமான என்பிடெல்லின் வீடியோக்களில் இலவசமாகப் படித்துவிடுங்கள். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

லேபில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து டைப் அடிக்கும் பழக்கம்தான் பெரிய கெடுதல். தரவுகளைக் கோத்துவைக்கும் அமைப்புகளான லிங்க்டு லிஸ்ட்டையும் பைனரி சர்ச் ட்ரீயையும் சி மொழியில் பார்க்காமல் எழுதுங்கள். அவற்றில் ஒரு நோடை (கோத்த கண்ணிகளில் ஒன்றை) நீக்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள்: தொடக் கூடாத மெமரியைத் தொட்டதால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று புரோகிராம் நின்றுவிடும். ‘-ஜி’ (-g) சேர்த்து கம்பைல் செய்து, பிழை தேடும் கருவியான ஜிடிபியில் (gdb) ஓட்டி, ‘பேக்ட்ரேஸ்’ கட்டளை கொடுங்கள். விழுந்த வரி தெரியும். அங்கே பெரும்பாலும் எந்த இடத்தையும் காட்டாத ‘நல்’ (NULL) பாயின்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

கம்ப்யூட்டர் முதுநிலைப் படிப்பான எம்சிஏ இப்போது 2 ஆண்டுகள்தான். அதற்கான நுழைவுத் தேர்வு, தமிழகக் கல்லூரிகளுக்கு டான்செட், மத்திய அரசின் என்ஐடிகளுக்கு நிம்செட். நிம்செட்டுக்குப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருக்க வேண்டும். உங்கள் துணைப்பாடம் என்னவென்று இப்போதே பாருங்கள். எம்.டெக். போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் (GATE) தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். வீட்டில் இடைஞ்சல் என்றால், சொந்தப் புத்தகங்களோடு உட்கார்ந்து படிக்கக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தனிப் பகுதி உண்டு.