இரண்டு பேர் எழுதிப் பாடும் முதல் அல்பம்: ராப், பைலா, நாகஸ்வரம் எதுவும் ஒட்டவில்லை. மிக்ஸிங்கில் சரிக்கட்டலாமா?

ஏலாது தம்பி. நீங்கள் கிற்றாரோடு பாடுகிறீர்கள், கூட்டாளி ராப். எட்டுப் பாட்டில் பைலா ஆட்டப்பாட்டு, நாகஸ்வரம், தவில், கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பா எல்லாம் வருகுது, கேட்ட ஆக்கள் "எட்டுப் பேர் செய்த மாதிரி" என்கினம். பீட்டை முதலில் போட்டுவிட்டு வாத்தியக்காரரைப் பிறகு கூப்பிட்டிருப்பீர்கள். கலப்பு என்பது சுருதியிலும் நடையிலும் தீரவேண்டிய விசயம்.

கிற்றாரை எந்தச் சுருதிக்கும் மாற்றலாம், நாகஸ்வரத்தை அப்படி மாற்ற ஏலாது. கோயிலில் ஊதும் பாரி நாகஸ்வரம் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை, அதாவது டி அல்லது டி ஷார்ப். வித்துவானிடம் கட்டையைக் கேட்டுவிட்டுப் பாட்டின் சுருதியை முடிவெடுங்கோ. இரண்டரை என்றால் முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கவ்வி) மாட்டி டி கோர்ட் பிடித்தால் சரி. கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து ஊதுவதற்கு, கீழே மேஜர், மைனர் கோர்டை நீட்டிப் பிடிக்கவேண்டாம். குழலில் காந்தாரம் அசையும், கிற்றாரில் அது அசையாமல் நின்று இடிக்கும். ஸ, ப இரண்டும் போதும். மைக்கைக் குழலின் வாயான அணசுக்குள் திணிக்காமல் ஒன்றரை, இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கோ.

பைலா ஆறு-எட்டு, ராப் நாலு-நாலு. இரண்டுக்கும் ஒரே அடி வேகம் கொடுங்கோ. ராப் 100 என்றால் பைலாவின் பெரிய அடியும் 100. அப்போது பைலாவின் இரண்டு பார், ராப்பின் ஒரு பாருக்குள் சரியாக உட்காரும். எங்கட கணக்கில் சொன்னால் திஸ்ர நடை, அடிக்கு மூன்று. கெடுவது எங்கே என்றால், மென்பொருளில் கட்டம் பதினாறாகக் கிடக்க, குவாண்டைஸ் (அடிகளைக் கட்டத்தில் தானாக ஒட்டவைப்பது) அடித்துவிடுவார்கள். பைலாவின் துள்ளல் அந்த இடத்திலேயே செத்துப்போகும். ஒரு பாருக்குப் பன்னிரண்டு கட்டமாக மாற்றிவிட்டுச் செய்யுங்கோ. (பைலா எங்கட இசையா என்று சண்டைக்கு வருபவர்கள், திருகோணமலை, மட்டக்களப்பில் உள்ள போர்த்துக்கேய வழிப் பறங்கியரின் ஆட்டத்தாளத்தை ஒருக்கால் கேட்டுவிட்டு வரட்டும்.)

அம்பாவுக்கு இதைச் செய்யவே கூடாது. வலை பாரமாக வரும்போது பாட்டு மெதுவாகும், மீன் சேரும் மடி கரைக்குக் கிட்ட வரும்போது வேகமெடுக்கும். அதைக் கிளிக்குக்குள் (மாறாத வேகத்தில் அடிக்கும் தாளச் சத்தம்) இழுத்துக் கட்டினால் குரல் நெளியும். பதிவின் அடிகளைக் குறித்து அதிலிருந்து டெம்போ மெப் (வேகம் மாறும் வரைபடம்) எடுத்து, ட்ரம்மை அதன் பின்னால் நடக்கவிடுங்கோ. முன்னால் ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஏற்றுப் பாடும் அமைப்பு ஏற்கெனவே கிடக்கிறது, கூட்டாளியின் ராப்பை முன்பாட்டுக்காரரின் இடத்தில் வையுங்கோ. பாடிய ஆக்களிடம் அனுமதி கேட்டு, காசும் கொடுங்கோ.

தவிலுக்கு இரண்டு மைக். வலந்தலை கூர்மை, தொப்பி கனம். ராப்பில் வரும் 808 என்ற மின் ட்ரம்மின் பேஸ் தொப்பியோடு மோதி இரண்டுமே கலங்கும். 808-ஐ ஸ சுருதிக்கு வைத்து, தொப்பி விழும் இடத்தில் அதன் வாலை வெட்டுங்கோ. கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் தோல் இறுகிச் சுருதி ஏறும், மாரியில் தளரும். ஆடியில் அடித்ததையும் கார்த்திகையில் அடித்ததையும் ஒரு பாட்டில் ஒட்டினால் காது காட்டிக்கொடுக்கும். தோல் வாத்தியம் முழுவதையும் ஒரே நாளில் பதியுங்கோ.

முடிந்த பாட்டின் மாஸ்டரைச் சத்தமாக நெரிப்பதில் பிரயோசனம் இல்லை, ஸ்பொட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தின் அளவு) அளவுக்கு இறக்கிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இங்கே விழாக்காரர் ஸ்பீக்கருக்கும் பந்தலுக்கும் முற்பணம் கொடுப்பார்கள், சொந்தப் பாட்டுப் பாடும் பெடியளுக்கு மட்டும் "பேர் கிடைக்கும்" என்பார்கள். பேரை வைத்துக் கிற்றார் கம்பி வாங்கலாமா? உப்புக்காற்றில் அது கெதியாகத் துருப்பிடிக்கும் ஊர் இது.

காசு வரமுதல் பங்கை எழுதுங்கோ. சிநேகிதத்தைச் சந்தேகப்படச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இலங்கையின் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கூட்டாக எழுதிய பாட்டின் உரிமை கடைசியாக உயிரோடு இருப்பவரின் மரணத்துக்குப் பிறகும் 70 வருடம் நிற்கும். வரி, மெட்டு, பதிவு மூன்றுக்கும் தனித்தனி வீதம் போட்டு, பாட்டுக்கு ஒரு தாளாக இருவரும் திகதியோடு கையெழுத்து வையுங்கோ. அந்தத் தாளில் நாகஸ்வர, தவில் வித்துவான்களுக்கு ஒரு தடவையில் முழுக் காசா, பங்கா என்பதும் இருக்கவேண்டும்.