அஸ்தியும் உடலின் உயிர்ப்பும்

கேள்வி: எங்கள் அப்பா போன மாதம் இறைவனடி சேர்ந்தார். அவர் விருப்பப்படியே சேலத்தில் மின்தகன மேடையில் எரித்தோம். அஸ்தி ஏற்காட்டு வீட்டில் இருக்கிறது. "எரிச்சுப்புட்டீங்களே, கடைசி நாள்ல எப்படிப்பா எந்திரிப்பாரு?" என்று பெரியம்மா அழுகிறார். ஆன்மா அழியாதது என்பதைத்தானே உயிர்ப்பு என்கிறோம்? உடல் என்ன ஆனால் என்ன? அஸ்தியை எங்கள் காபித் தோட்டத்திலேயே தூவிவிட நினைக்கிறோம். சரிதானே? (கத்தோலிக்க வாசகர், ஏற்காடு)

பதில்: தூவாதீர்கள். உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறோம். ஆனாலும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் பெரியம்மாவின் கேள்வியில் உள்ள கிறிஸ்தவம் உங்கள் கேள்வியில் இல்லை. அவர் பயப்படத் தேவையில்லாத ஒன்றுக்குப் பயப்படுகிறார், அவ்வளவுதான். அப்பா உடலோடு எழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவரிடம் இருக்கிறது. நீங்களோ உடலையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

திருப்பலியில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையை நினைத்துப் பாருங்கள். "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்றுதான் வாய்விட்டுச் சொல்கிறோம். ஆன்மா அழியாதது என்பதும் திருச்சபையின் போதனைதான், ஆனால் அது பாதிதான். ஆன்மா மட்டும் தப்பிப் பிழைக்கும் என்று திருத்தூதர் பவுல் கிரேக்க நகரமான ஏதென்சில் பேசியிருந்தால் அங்கே யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அது கிரேக்கர்களுக்குப் பழகிய கருத்து. இறந்தவர் எழுவதைப் பற்றிச் சொன்னபோதுதான் சிலர் கிண்டல் செய்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 17 சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தூய தாமஸ் அக்குவினாஸ், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தை விளக்கும்போது, "என் ஆன்மா நான் அல்ல" என்று எழுதினார். ஆன்மா மட்டும் மீட்கப்பட்டால் நான் மீட்கப்படவில்லை என்பது அவர் வாதம். உங்கள் அப்பாவின் கை, குரல், முகம் எல்லாம் சேர்ந்துதான் உங்கள் அப்பா.

மறுபிறவியோடும் இதைக் குழப்ப வேண்டாம். அங்கே உயிர் வேறோர் உடலுக்குப் போகிறது. இங்கே அதே ஆள் எழுகிறார்.

இயேசு சாவிலிருந்து எழுப்பிய இலாசரோடு இந்த உயிர்ப்பை ஒப்பிடுவது இன்னொரு தவறு. மறையுரைகளில்கூட இது வருகிறது. யோவான் நற்செய்தியையே பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 11ஆம் அதிகாரத்தில் இலாசர் கல்லறைத் துணிகளால் கட்டுண்டபடியே வெளியே வருகிறார். மற்றவர்கள் கட்டவிழ்க்க வேண்டியிருக்கிறது. பழைய வாழ்வுக்குத் திரும்பிய அவர் மறுபடி இறக்க வேண்டியவர். 20ஆம் அதிகாரத்தில் இயேசுவின் கல்லறையில் துணிகள் கிடக்கின்றன, தலையைச் சுற்றியிருந்த துண்டு தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இனி அவருக்குச் சாவு இல்லை என்கிறது உரோமையர் 6:9. ஆனால் ஆவியாக மாறிவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. சந்தேகப்பட்ட சீடர் தோமாவிடம் ஆணித் தழும்பைக் காட்டினார். லூக்கா 24இல் வேகவைத்த மீனை வாங்கிச் சாப்பிட்டார். காயம் உட்பட அதே உடல்தான், ஆனால் சாவு தொட முடியாத நிலையில். இவருக்கு நடந்தது முதல் கனி என்கிறார் பவுல். முதல் கனி என்றால் பின்னால் அறுவடை இருக்கிறது. அந்த அறுவடையில் உங்கள் அப்பாவும் உண்டு.

அது எப்படிப்பட்ட உடல் என்று கேட்டவர்களுக்குப் பவுல், கொரிந்தியருக்கு எழுதிய அதே 15ஆம் அதிகாரத்தில், விதையைக் காட்டினார். காபி நாற்று விடும் உங்களுக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். பழுத்த பழத்தைப் பறித்து, மேல்தோலை நீக்கி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, பாத்தியில் விதைக்கிறீர்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் தண்டு நிமிர்ந்து அந்த விதையையே மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வருகிறது, தொப்பி போட்டதுபோல. பிறகு தொப்பி கழன்று இரண்டு வட்ட இலைகள் விரிகின்றன. போட்டதற்கும் வந்ததற்கும் சாயலே இல்லை. ஆனாலும் வந்தது வேறொன்று அல்ல, போட்டதுதான். "அழிவுக்குரிய இது" அழியாமையை அணிந்துகொள்ள வேண்டும் என்கிறார் பவுல். அந்த "இது" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

உவமை அதற்கு மேல் போகாது. விதைக்குள் உயிருள்ள முளை உண்டு. வெயிலில் காய்ந்து கருகிய விதை எந்தப் பாத்தியிலும் முளைக்காது. வறுத்த கொட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உயிர்ப்பு இயற்கையின் வேலையாக இருந்தால் பெரியம்மாவின் பயம் நியாயம். ஆனால் பவுல் அதே இடத்தில், 38ஆம் வசனத்தில், கடவுள்தான் உடலைக் கொடுக்கிறார் என்கிறார். பிணத்துக்குள் முளை எதுவும் இல்லை. முழுக்க முழுக்க அது அவர் செயல்.

பெரியம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். கி.பி. 177இல், இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இவர்கள் இனி எப்படி எழுகிறார்கள், பார்ப்போம் என்பதுதான் கொன்றவர்களின் எண்ணம். அந்த மறைசாட்சிகள் எழ மாட்டார்கள் என்று திருச்சபை ஒரு நாளும் நினைத்ததில்லை. 1886இல் தகனத்தைத் தடை செய்ததற்குக் காரணம், உயிர்ப்பை மறுப்பதற்காகவே சிலர் அதைக் கையில் எடுத்ததுதான். 1963இல் தடை நீங்கியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அடக்கத்தைப் பரிந்துரைத்தாலும் தகனத்தை அனுமதிக்கிறது. நீங்கள் செய்ததில் குற்றம் இல்லை.

தூவுவது வேறு விஷயம். 2016ஆம் ஆண்டு வத்திக்கான் அறிவுறுத்தல் அதை மறுக்கிறது: காற்றிலோ நிலத்திலோ நீரிலோ தூவக் கூடாது, பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளக் கூடாது, விதிவிலக்கான சூழல் தவிர வீட்டிலும் வைக்கக் கூடாது. மண்ணோடு கரைந்து இயற்கையில் கலந்துவிட்டார் என்ற எண்ணத்துக்கு அது இடம் கொடுத்துவிடும் என்பதுதான் காரணம்.

இந்த வாரமே பங்குத்தந்தையைப் பாருங்கள். குடும்பக் கல்லறை இருந்தால் அதிலேயே கலசத்தை வைக்கலாமா என்று கேளுங்கள். மூடி இறுகப் பொருந்துகிற கலசமாக இருக்கட்டும். மழை இறங்கும் மலையில் மூடியின் விளிம்புதான் முதலில் பழுதாகும். தோட்டத்தில் அவர் நினைவாக ஏதாவது வேண்டும் என்று மனம் கேட்டால், 2023 டிசம்பரில் வத்திக்கானிலிருந்து வந்த விளக்கம் ஒரு வழி விடுகிறது: திருச்சபை அதிகாரியின் ஒப்புதலோடு, இறந்தவருக்கு முக்கியமான ஓர் இடத்தில் மிகச் சிறிய பகுதியை வைக்கலாம். தூவுவதற்கு அல்ல, வைப்பதற்கு. பலருடைய அஸ்தி ஒன்றாகச் சேர்க்கப்படும் பொது இடத்திலும் ஒவ்வொருவர் பெயரும் பதிவாக வேண்டும் என்று அதே விளக்கம் வலியுறுத்துகிறது. கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியா உயிர்த்த ஆண்டவரை அடையாளம் கண்டது அவர் "மரியா" என்று பெயர் சொல்லி அழைத்தபோதுதான். உங்கள் அப்பாவின் பெயரையும் முழுதாகக் கல்லில் வெட்டுங்கள்.