இரண்டு அம்மாக்கள் உள்ள குடும்பத்தைப் பற்றி ஐந்து வயது மகளுக்குப் படப்புத்தகம் காட்டலாமா?

டொரொண்டோவில் இருக்கும் உங்கள் மச்சாள் தன் மனைவியுடனும் மகனுடனும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார், அதற்கு முன் மகளுக்குப் புத்தகம் ஏதாவது காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். எந்தப் புத்தகம் என்பதில் மட்டும் கவனம் தேவை.

நான் கோண்டாவிலில் முன்பள்ளி ஆசிரியை. குடும்பத்தை வரையச் சொன்னால் அப்பா, அம்மா, அண்ணா, தங்கச்சி என்று வரிசையாக நிறுத்தும் பிள்ளைகள் சிலர்தான். ஒருத்தி அம்மம்மாவையும் ஆட்டுக்குட்டியையும் வரைந்தாள். ஒருவன் கட்டாரில் வேலை செய்யும் அப்பாவை ஒரு பெட்டிக்குள் வரைந்திருந்தான், அது கைபேசியாம். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "உன்னுடைய அப்பாவுக்குக் கால் எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

லெஸ்லியா நியூமன் 1989இல் வெளியிட்ட 'ஹெதர் ஹேஸ் டூ மம்மீஸ்' புத்தகத்திலும் ஆசிரியை பிள்ளைகளைக் குடும்பப் படம் வரையச் சொல்கிறார். ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமான குடும்பம். ஹெதரின் அம்மாக்களில் ஒருவர் மருத்துவர், மற்றவர் தச்சர். முதற்பதிப்பில் கரு உண்டான விதத்தையும் விளக்கியிருந்தார்கள். பிந்திய பதிப்புகளில் அது இல்லை. நல்லதாயிற்று, ஐந்து வயதுக்கு அது வீண் பாரம். அவரே 2009இல் எழுதிய 'மம்மி, மம்மா, அண்ட் மீ' சின்னக் குழந்தைகளுக்கான கெட்டி அட்டைப் புத்தகம். விளையாட்டு, குளிப்பு, தூக்கம், அவ்வளவுதான். உபதேசம் மருந்துக்கும் கிடையாது. உங்கள் மகளுக்கு இதையே எடுப்பேன்.

'அண்ட் டாங்கோ மேக்ஸ் த்ரீ' 2005இல் வந்தது. நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில் இரண்டு ஆண் பெங்குவின்கள் ஒரு கல்லை அடைகாப்பதைக் கண்ட பராமரிப்பாளர் முட்டையொன்றைக் கொடுக்க, அவை குஞ்சு பொரித்து வளர்த்த உண்மைக் கதை. இந்தச் சாதுவான புத்தகத்தை 2014இல் சிங்கப்பூர் தேசிய நூலகச் சபை சிறுவர் பகுதியிலிருந்து விலக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் பெரியவர்கள் பகுதியில் வைத்தது. பெரியவர்கள் பெங்குவின் படம் பார்க்கலாம், பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்பது என்ன கணக்கோ!

எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். வரிகளை விட்டுவிட்டுப் படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லுங்கள். மச்சாளையே முன்கூட்டித் தபாலில் அனுப்பச் சொல்லலாம்.

சட்டத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒருபால் உறவுக்கு எதிராகப் பயன்படுத்தப்படும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு பேசுவது வேறு. வீட்டில் பிள்ளைக்குக் கதை வாசிப்பதை அது தொடவில்லை. வகுப்பில் என்றால் பெற்றோரைக் கேட்காமல் நான் வாசிக்க மாட்டேன்.

வருகிற இருவரையும் மாமி என்றே கூப்பிடப் பழக்குங்கள். உங்கள் மாமியாருக்குச் சங்கதி தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால், புத்தகத்தைத் திறக்கும் முன் உங்கள் கணவர் போய்ச் சொல்லிவிட வேண்டும். படத்தைப் பார்த்த பிள்ளை அன்று மாலையே அப்பம்மாவிடம் ஒப்புவித்துவிடுவாள்.