ஏல லிஸ்டிங்ல வர்ற எம்என்ஹெச், என்ஆர் எல்லாம் என்ன?

பழைய ஸ்டாம்ப் வாங்கலாம்னு ஈபேங்கற ஆன்லைன் ஏல சைட் பக்கம் போனா தலைப்பு ஃபுல்லா சுருக்கெழுத்தா இருக்குன்னு கேட்டிருக்கீங்க. காரணம் இடம்தாங்க, தலைப்புக்கு 80 எழுத்துதான் (2011க்கு முன்னாடி 55), அதுக்குள்ள எல்லாத்தையும் அடைக்கணும்.

ஸ்டாம்ப்ல முக்கியமானது எம்என்ஹெச், அதாவது மின்ட் நெவர் ஹிஞ்ச்ட் (மின்ட்னா பயன்படுத்தாத புதுசு). ஆல்பத்துல ஸ்டாம்ப் ஒட்ட ஹிஞ்ச்னு ஒரு குட்டி பசைக் காகிதம் உண்டு, அத பிச்சா பின்னாடி பசையில தடம் விழுந்துரும். அந்தத் தடமே இல்லாதது எம்என்ஹெச், இருக்கறது எம்ஹெச், அதாவது மின்ட் ஹிஞ்ச்ட். முன்பக்கம் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் ஆனா விலைல நிறைய வித்தியாசம் வரும், நான் ஒரு தடவை முன்பக்க போட்டோவ மட்டும் நம்பி வாங்கி, வந்ததும் திருப்பிப் பாத்தா நடுவுல மங்கலா ஒரு சதுரம், ரொம்ப வருத்தமாப் போச்சு. அதனால பின்பக்க போட்டோ கேக்காம பிட் பண்ணாதீங்க.

என்ஆர்னா நோ ரிசர்வ். சில ஏலத்துல விக்கிறவர் ஒரு குறைஞ்சபட்ச விலைய வெளிய காட்டாம வெச்சிருப்பாரு, அது வரலன்னா குடுக்க மாட்டாரு, என்ஆர்ல அந்தத் தொல்லை இல்ல. பிஐஎன்னா பை இட் நவ், ஏலத்துக்கு நிக்காம போட்ட விலைக்கே வாங்கிக்கலாம்.

பொம்மைல மட்டும் உஷார்: எம்ஐபின்னா மின்ட் இன் பாக்ஸ், பொருள் புத்தம்புதுசா டப்பாவோட இருக்கு, ஆனா டப்பாவ பிரிச்சிருக்கலாம். பிரிக்காததுதான் வேணும்னா என்ஆர்எஃப்பி, அதாவது நெவர் ரிமூவ்ட் ஃப்ரம் பாக்ஸ்னு போட்டிருக்கான்னு பாருங்க.