கேம்பர் வேன், பின்னால் ஒரு டின்னி: வாசகர் கேள்விகள்

இங்கே ஆஸ்திரேலியாவில் அக்டோபர் பிறந்தால் போதும், கடிதங்கள் குவிந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்த கேம்பர் வேன் வாங்கி, டின்னி என்கிற அலுமினியப் படகு வாங்கி, இரண்டையும் கொக்கி போட்டுக் கிளம்பிவிட வேண்டும் எல்லோருக்கும். நல்லதுதான். ஆனால் எழுதியவர்களில் பாதிப் பேர் படகின் எடையைக் குறிப்பிடவே இல்லை. நீளம் இருக்கிறது, மோட்டாரின் ஹெச்பி இருக்கிறது, ஒருவர் நிறத்தைக்கூட எழுதியிருக்கிறார். எடை தெரியாமல் நான் எந்த வேனைச் சொல்ல? முடிந்தவரை சொல்கிறேன்.

நான்கரை மீட்டர் அலுமினியப் படகு வைத்திருக்கிறேன். எந்த கேம்பர் வேன் வாங்கலாம்? (பிளாக்டவுன்)

பாருங்கள், முதல் கடிதமே இப்படி! சரி, உங்களுக்காக நானே கூட்டுகிறேன். பிரசுரத்தில் போட்டிருக்கும் எடை மோட்டார்கூட இல்லாத வெறும் படகின் எடை. அது ஒரு 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் 110. டிரெய்லர் 280. பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், சங்கிலி, லைஃப் ஜாக்கெட், ஐஸ் நிரப்பிய எஸ்கி பெட்டி, தூண்டில் சாமான் எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 790, கிட்டத்தட்ட 800 கிலோ. 'சின்னப் படகுதானே' என்று நீங்கள் நினைத்தது 750ஐத் தாண்டிவிட்டது. அதாவது டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2 டன் வரை ஓவர்ரைடு பிரேக் (டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிப்பது) போதும், அதற்கு மேல் போனால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், அதை வேனில் இருந்தே இயக்கும் வசதி, டிரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே எல்லாம் வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

800 கிலோவை ஹையேஸ், டிரான்ஸ்போர்ட்டர், டிரான்சிட், ஸ்பிரின்டர் எதுவும் இழுக்கும். இழுப்பது பிரச்சினையே இல்லை. பிரச்சினை எங்கே என்று கொஞ்சம் கீழே, டான்டினாங் வாசகருக்கு எழுதியிருக்கிறேன், படியுங்கள். அதற்கு முன்னால் படகை, கிளம்பும் நாள் எப்படி இருக்குமோ அப்படியே ஏற்றி, எடைமேடைக்குக் கொண்டுபோங்கள்.

டிரெய்லரே வேண்டாம் என்று பார்க்கிறேன். சின்ன டின்னியை பாப்-டாப் கேம்பரின் கூரையில் கவிழ்த்துக் கட்டலாமா?

கட்டலாம். அப்புறம் உள்ளே நிமிர்ந்து நிற்கக் கூரையை எப்படித் தூக்குவீர்கள்?

பிள்ளைகள் பின்கட்டிலில் தூங்கிக்கொண்டே வரலாமா? இல்லையென்றால் படகிலாவது உட்காரலாமா?

முடியாது. முடியவே முடியாது. எத்தனை பேர் பயணமோ அத்தனை சீட், அத்தனை பெல்ட். வேன் பார்க்கப் போகும்போது படுக்கையை எண்ணுவதற்கு முன் பெல்ட்டை எண்ணுங்கள். நான்கு பேர் படுக்கலாம், இரண்டு பேர்தான் உட்காரலாம் என்கிற கேம்பர்கள் சந்தையில் நிறைய உண்டு.

விளம்பரத்தில் 2,500 கிலோ இழுக்கும் என்று இருக்கிறது. விற்பவரும் தாராளமாக இழுக்கும் என்கிறார். எங்கள் படகு டிரெய்லரோடு 1,600 கிலோ. போதும்தானே? (டான்டினாங்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வருடா வருடம் வருகிறது, வருடா வருடம் கத்துகிறேன்.

அந்த 2,500 என்பது கிட்டத்தட்ட காலியான வேனுக்குச் சொல்லும் எண். நீங்கள் வாங்குவது காலி வேன் இல்லை. அதற்குள் கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பேட்டரி எல்லாம் பொருத்தியாகிவிட்டது. ஒரு கணக்குப் போடுவோம். ஜிவிஎம் (சுமையோடு வேன் இருக்கக்கூடிய உச்ச எடை) 3,500, ஜிசிஎம் (வேனும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை) 5,000, இழுவைத் திறன் 2,500 என்று ஒரு வேன். உள்வேலை முடிந்தபின் டேர், அதாவது காலி எடை, 2,850. ஆக, ஏற்றிக்கொள்ள மிச்சம் 650.

நான்கு பேர் 280. தண்ணீர் 100 லிட்டர், அது 100 கிலோ. டீசல் டேங்க் நிறைய 60. கேஸ் சிலிண்டர், நாற்காலி, மேசை, போர்வை, சட்டி பானை, அரிசி, பருப்பு, அம்மா விட்டுவர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் இட்லிக் கொப்பரை எல்லாமாக 120. எத்தனை ஆச்சு? 560. அவ்வளவுதானா? இல்லை. டிரெய்லரின் மூக்கு, அதை மாட்டுகிற உருண்டையான டோ பாலின் மேல் அழுத்துகிறதே, அந்த எடையும் வேன் சுமப்பதுதான். 1,600 கிலோ படகுக்கு 100 முதல் 150 வரை வரும். முடிந்தது கதை. ஜிவிஎம் தாண்டிவிட்டது, இன்னும் வீட்டுத் தெருவையே தாண்டவில்லை.

அடுத்தது ஜிசிஎம். வேனும் டிரெய்லரும் சேர்ந்து 5,000. வேன் 3,500 ஆகிவிட்டால் படகுக்கு மிச்சம் 1,500. உங்கள் படகு 1,600. விளம்பரத்தில் இருந்த 2,500 எங்கே போனது? அது எப்போதுமே இருந்ததில்லை. அந்த வேனால் 2,500 இழுக்க வேண்டுமென்றால் வேன் 2,500 கிலோதான் இருக்க வேண்டும். டேரே 2,850!

இவ்வளவு காரமாக எழுதக் காரணம், நானே ஏமாந்தவன். என் முதல் கேம்பரை விற்றவர் இதே வார்த்தையைத்தான் சொன்னார், 'தாராளமாக இழுக்கும்.' இழுத்தது, இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாம் மாதம் பின்பக்கம் தாழ்ந்து, இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து லைட் அடித்தார்கள். என் ஹெட்லைட் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு குவாரியின் எடைமேடையில் ஏற்றினேன். ஜிவிஎம் 3,300, முள் காட்டியது 3,480. அன்று வாங்கிய சீட்டு இன்னும் என் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறது. அந்த எடையோடு விபத்து நடந்திருந்தால் காப்பீட்டுக்காரர்கள் என்னிடம் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே, வேன் வாங்கப் போகிற எல்லோருக்கும்: பணம் கொடுப்பதற்கு முன் நான்கு எண்களை எழுதி வாங்குங்கள். உள்வேலை முடிந்தபின் எடுத்த டேர், ஜிவிஎம், ஜிசிஎம், டோ பாரின் (டோ பாலைத் தாங்கும் கம்பி) தகட்டில் அடித்திருக்கும் அளவு. டோ பார் தகட்டில் 1,200 என்று இருந்தால் வேனின் கையேட்டில் 2,500 என்று இருந்து பயனில்லை, சின்ன எண்தான் செல்லும். 'அதெல்லாம் எதற்கு சார்' என்று கேட்கிற இடத்தில் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்கியபின் எடைமேடை. 20, 30 டாலர்தான் ஆகும்.

உங்கள் குறிப்பிட்ட கேள்விக்கு: போதாது. 1,600 கிலோ படகுதான் வேண்டுமென்றால் ஜிசிஎம் பெரிய வண்டியாகப் பாருங்கள், அல்லது சின்னப் படகு பாருங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஜிவிஎம்மை உயர்த்தும் அப்கிரேடு செய்துவிட்டால் தீர்ந்ததா?

பாதி தீரும். ஜிவிஎம் ஏறினால் ஜிசிஎம் தானாக ஏறாது. வேனில் கூடுதலாக ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் அப்போது படகிலிருந்து கழியும். இன்னொன்று, 4.5 டன் ஜிவிஎம் தாண்டினால் சாதாரண கார் லைசென்ஸ் போதாது. பெரிய மோட்டார்ஹோம்கள் பலவற்றின் தகட்டில் 4,490, 4,495 என்று இருப்பது சும்மா இல்லை.

முன்சக்கர டிரைவ் வேன், படகை நீரில் இறக்கும் ராம்பில் வழுக்கும் என்கிறார்களே? (வொலன்காங்)

வழுக்கும். ஆனால் சொல்கிற அளவுக்கு எளிமையான விஷயம் இல்லை. டுகாட்டோ மாதிரி முன்சக்கர வண்டியில், படகை நீரில் இறக்கும்போது முன்சக்கரங்கள் சரிவின் மேல்பக்கம், காய்ந்த கான்கிரீட்டில் நிற்கும். பின்சக்கர ஹையேஸிலோ இழுக்கிற சக்கரமே பாசிக்குப் பக்கத்தில் நிற்கும். இது முன்சக்கரத்துக்குச் சாதகம். பாதகம் என்னவென்றால், சரிவில் எடை எல்லாம் பின்னுக்குப் போகிறது, டோ பாலின் மேல் படகின் மூக்கும் அழுத்துகிறது, முன்பக்கம் லேசாகிவிடுகிறது. ஈரமான நாளில் டயர் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்தால் ராம்புக்கு வருவதற்கு முன் அதைக் காலி செய்யுங்கள். ஓதம் வற்றிய நேரத்தில் கீழ்ப்பாதி முழுக்கப் பாசிதான், ஓதம் ஏறும் நேரம் பார்த்து இறக்குங்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற டிரான்ஸ்போர்ட்டர் 4மோஷன் பழையதாகக் கிடைத்தால் இந்த வேலைக்கு அதுதான் என் தேர்வு.

பின்புறம் நீளமாகத் துருத்திக்கொண்டிருக்கும் மோட்டார்ஹோம்களை வாங்கும் முன் ஒருமுறை ராம்பின் விளிம்பில் இறக்கிப் பாருங்கள். சரிவு தொடங்கும் இடத்தில் டோ பார் கான்கிரீட்டை உரசுகிற சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்று, ராம்பில் வண்டி நிற்கும்போது உள்ளே பிள்ளைகள் யாரும் இருக்கக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கான்பெராவிலிருந்து பேட்மன்ஸ் பே போகிறோம். கிளைட் மலையில் படகோடு இறங்கலாமா?

தினமும் இறங்குகிறார்கள். மேலேயே கியரைக் குறைத்துவிட்டு இறங்குங்கள், பாதி வழியில் பிரேக் வாடை வந்தபின் குறைத்துப் பயனில்லை. பின்னால் வால்போல் வண்டிகள் சேர்ந்தால் வெட்கப்பட வேண்டாம், ஒதுங்க இடம் வருகிற வரை மெதுவாகவே போங்கள். டிரெய்லர் வாலாட்டுகிறது என்றால் படகின் எடை பின்னால் அதிகம். மோட்டார் பக்கம் குவித்து வைத்த எஸ்கியையும் பெட்ரோல் கேனையும் முன்னால் நகர்த்துங்கள்.

டோ பால் எடையை வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, குளியலறை எடைமெஷினை வைத்து, அதன்மேல் டோ பால் உயரத்துக்கு ஒரு மரத்துண்டை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை மெதுவாக அதில் இறக்குங்கள். படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் காட்டினால் சரி.

மகன் பி1 (முதல் கட்ட புரொவிஷனல்) லைசென்ஸ். நான் களைத்துவிட்டால் அவன் ஓட்டலாமா? (பாரமட்டா)

நியூ சவுத் வேல்ஸில் பி1 ஓட்டுநர் காலி எடை 250 கிலோ வரையுள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம். மேலே கணக்குப் போட்ட நான்கரை மீட்டர் படகின் டிரெய்லரே காலியில் 280. களைத்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். பின்னால் கட்டில் இருக்கிறதே, அதற்குத்தானே வாங்கினீர்கள்!

இரண்டு வருடத்தில் இரண்டு முறை டிரெய்லர் சக்கரத்தின் பேரிங் போய்விட்டது. மட்டமான டிரெய்லரா?

டிரெய்லர் மேல் பழி போடாதீர்கள். மூன்று மணி நேரம் ஓடி வந்த சூட்டில் ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) அப்படியே குளிர்ந்த உப்புத்தண்ணீரில் முக்குகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வந்ததும் கையை ஹப்பில் வைத்துப் பாருங்கள், சுட்டால் காத்திருங்கள். அந்த நேரத்தில் டீ போட உங்களிடம் அடுப்போடு வண்டியே இருக்கிறது. லைட் பிளக்கைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒரு செட் பேரிங், ஒரு டப்பா கிரீஸ், ஒரு ஸ்டெப்னி எப்போதும் வேனில் இருக்கட்டும்.

வாடகை கேம்பரில் என் படகை இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?

நான் படித்த வாடகை ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இழுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. வாடகைக்கு எடுத்துத் தூங்கிப் பாருங்கள், அதுவே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

மின்சார வேன்?

ஃபோக்ஸ்வேகனின் ஐடி பஸ் (ID. Buzz) நல்ல வண்டி. மாடலுக்கு மாடல் அளவு மாறும், சாதாரண மாடல் 1 டன் வாக்கில் இழுக்கும். ஆனால் படகோடு போனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் மூன்றில் ஒரு பங்காவது குறையும், பாதியாகவும் ஆகலாம். சார்ஜ் போடும் இடங்கள் பெரும்பாலும் டிரெய்லரோடு நுழையும்படி இல்லை. கழற்று, சார்ஜ் போடு, மாட்டு. பக்கத்து ஏரிக்குப் போகிறவர்களுக்குச் சரி.

அவர் ரிவர்ஸ் எடுக்கிறார், நான் கீழே நின்று கை காட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் ராம்பில் சண்டைதான். உயரமான வேனுக்குப் பின்னால் டிரெய்லர் கண்ணுக்கே தெரியவில்லை என்கிறார். (கிளேட்டன்)

அவர் சொல்வது உண்மை. காலி டிரெய்லர் வேனின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும், அது கண்ணாடியில் தெரிகிற நேரத்தில் மடங்கியே போயிருக்கும். குட்டி டிரெய்லர் பெரியதைவிட வேகமாகத் திரும்பும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. டிரெய்லரின் பின்மூலைகள் இரண்டிலும் ஒரு மீட்டர் குழாயை நிறுத்தி, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள், கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை காலியான பார்க்கிங்கில் அரை மணி நேரம் பழகினால் போதும்.

அதில் ஒரு பத்து நிமிடம் நீங்கள் ஓட்டுங்கள், அவர் கீழே நின்று கை காட்டட்டும்.