ஸ்டாட்டின் மாத்திரை போடுகிறவர் நெய் சாப்பிடலாமா?

"அப்பா அட்டோர்வாஸ்டாட்டின் போடுகிறார். அதான் மாத்திரை இருக்கிறதே என்று நெய்யைக் குறைக்க மாட்டேன் என்கிறார், சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டோர்வாஸ்டாட்டின், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளில் ஒன்று. நெய் வயிற்றிலேயே மாத்திரையை முறித்துவிடாது. சிக்கல் கல்லீரலில் இருக்கிறது.

கொலஸ்ட்ரால் தயாரிக்கக் கல்லீரலுக்கு வேண்டிய ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க, கல்லீரல் செல்கள் எல்டிஎல் எனும் 'கெட்ட' கொலஸ்ட்ராலைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூடுதலாக உண்டாக்கி, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை உள்ளே இழுக்கின்றன. மாத்திரையின் பலன் பெரும்பாலும் இந்த ஏற்பிகளால்தான். நெய்யில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்போ (saturated fat) அதே ஏற்பிகளின் வேலையை மந்தமாக்குகிறது. ஆக, மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, நெய் மறுபக்கம் இழுக்கிறது.

டோஸைக் கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் டோஸை இரட்டிப்பாக்கினாலும் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும். பக்கவிளைவு வாய்ப்போ கூடும்.

நெய்யில் சுமார் 60 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் 80-க்கும் மேல். பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பார்கள். எந்தத் தாவர எண்ணெய்க்கும் அப்படி எழுதலாம், அதில் பெருமை ஒன்றுமில்லை. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 15 சதவீதம் அளவுதான், கடலை எண்ணெயில் 20-க்குள்.

சூடான சோற்றில் எப்போதாவது ஒரு சிறு கரண்டி நெய் என்றால் நான் அப்பாவிடம் சண்டை போடமாட்டேன். தினமும் மூன்று வேளையும் என்றால்தான் பேச வேண்டும். அப்புறம், அட்டோர்வாஸ்டாட்டினைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எப்போதும் போடலாம். கிரேப்ஃபுரூட் ஜூஸ் மட்டும் நிறையக் குடிக்க வேண்டாம். அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.