குதிரை வயிற்றில் ஓட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவின் தாங் வம்சக் காலத்தில் கல்லறைக்குள் வைத்த சுடுமண் குதிரை ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். வயிற்றில் ஓட்டை, பிடரி நெடுக வெறும் பள்ளம், வர்ணம் குளம்பு வரை வராமல் நிற்கிறது. அரச குடும்பத்துக்குச் செய்தது இவ்வளவு அரைகுறையாகவா இருக்கும்? போலியோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்றுமே குறை இல்லை. ஓட்டை இல்லையென்றால்தான் குதிரை சூளையிலேயே வெடித்திருக்கும். உடலை இரண்டு பாதியாக அச்சில் அழுத்தி எடுப்பார்கள். தலை, கால்கள் தனி. ஒட்டும் இடத்தைக் கீறி, களிமண் குழம்பு தடவிச் சேர்ப்பார்கள். உள்ளே வெற்றிடம். காய்ந்ததுபோலத் தெரியும் மண்ணிலும் ஈரம் இருக்கும். அது ஆவியாகி வெளியேற வழி வேண்டும். காலடிப் பலகையும் அழகுக்கு இல்லை; கனத்த உடலைத் தாங்கும் மெல்லிய கால்கள் சூட்டில் விலகாமல் பிடித்துக்கொள்ளத்தான்.

பிடரிப் பள்ளத்தில் நிஜ மயிரைச் செருகியிருப்பார்கள். மயிர் மக்கிப் பள்ளம் மிச்சம்.

வர்ண விஷயம்தான் சுவாரசியம். குதிரையை இரண்டு முறை சுடுவார்கள். முதலில் வெறும் மண்ணாக, 1000 டிகிரியை ஒட்டி. பிறகு ஈய மெருகு (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசி, 800-900 டிகிரியில். தாமிரம் பச்சை தரும், இரும்பு தேன் நிறம் தரும். கோபால்ட் நீலம் விலை கூடியது, அதனால் அபூர்வம். ஈயம் இருப்பதால் மெருகு குறைந்த சூட்டிலேயே உருகும், உருகினால் வழியும். குளம்பு வரை பூசினால் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மேலேயே நிறுத்திவிடுவார்கள். ஈயம் நஞ்சு, சோற்றுத் தட்டுக்கு ஆகாது. கல்லறையில் யார் சாப்பிடப் போகிறார்கள்!

அரச குடும்பத்துக்கு மட்டும் என்பதும் சரியில்லை. கல்லறைப் பொம்மைகளின் எண்ணிக்கைக்கு, இறந்த அதிகாரியின் தரவாரியாக (முதல் தரமே உயர்ந்தது) உச்சவரம்பு இருந்தது: மூன்றாம் தரமும் அதற்கு மேலும் 90, ஐந்தாம் தரம் வரை 60, ஒன்பதாம் தரம் வரை 40. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் குதிரைகள், ஒட்டகங்கள் கொண்ட பெரிய தொகுதி, 728-இல் இறந்த லியூ டிங்சுன் என்ற தளபதியின் கல்லறையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவது.

போலியா என்பதற்கு ஓட்டையும் பள்ளமும் சாட்சி ஆகாது, போலி செய்கிறவரும் அவற்றை வைப்பார். வெப்ப ஒளிர்வுச் சோதனை வேண்டும். மெருகு படாத இடத்தில் துளைத்துக் கொஞ்சம் தூள் எடுத்து, மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று பார்ப்பார்கள். இதையும் ஏமாற்றலாம்: பழைய துண்டைப் புது உடலில் பதித்து, அந்த இடத்தில் மட்டும் துளைக்க விடுவார்கள். கால், உடல், தலை என்று இரண்டு மூன்று இடங்களில் எடுத்திருக்க வேண்டும். யாராவது சான்றிதழை நீட்டினால், எங்கே துளைத்தார்கள் என்று கேளுங்கள்.